பிரேக்குக்குத் தாங்கும் பெல்ட் மோதலுக்குத் தாங்குமா?

உங்கள் கேள்வி இது. சீசர் மூன்று வயது லாப்ரடார், எடை 28 கிலோ. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தென்காசிக்கு அவனையும் காரில் கூட்டிப் போகிறீர்கள். ஆன்லைனில் 349 ரூபாய்க்கு ஒரு ‘டாக் சீட் பெல்ட்’ வாங்கியிருக்கிறீர்கள். அதன் ஒரு முனையை காரின் பக்கிளில் செருக வேண்டும், மறுமுனையில் இருக்கும் கொக்கியைக் கழுத்துப்பட்டையில் மாட்ட வேண்டும். இது போதுமா, அல்லது அம்மா சொல்வதுபோல் பின்சீட்டில் யாராவது கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதுமா?

முதலில் நேரடியான பதில். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கட்டிப் பிடித்துக்கொள்வதும் உதவாது. நீங்கள் வாங்கிய பெல்ட் ஒரு வேலையை நன்றாகவே செய்யும்: ஓட்டுபவர் மடிக்கு சீசர் தாவாமல் நிறுத்தி வைக்கும், சடன் பிரேக்கில் முன்சீட்டுக்கு அடியில் விழாமல் பிடிக்கும். மோதல் என்று வந்தால் அதை நம்ப முடியாது. ‘சேஃப்டி’ என்ற ஒரே சொல்லை இந்த இரண்டுக்கும் போட்டு விற்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவன். பெல்ட், கொக்கி, பக்கிள் இவற்றை இழுத்து, எங்கே அறுகிறது என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை. வீட்டில் நாய் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கணக்கைப் பார்த்தால் அம்மாவுக்கும் புரிந்துவிடும். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் முழுப் பலத்தோடு பிரேக் மிதிக்கிறீர்கள். அப்போது 28 கிலோ நாய் முன்னால் தள்ளும் விசை அதன் எடையைவிடச் சற்றுக் குறைவுதான், ஏறக்குறைய 22 கிலோ. ஒரு வலுவான ஆள் பிடித்துவிடலாம். சாதாரணக் கொக்கியும் தாங்கும். இதைப் பார்த்துத்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது: “நேற்று அப்படி பிரேக் போட்டேன், பெல்ட் நல்லாப் பிடிச்சுதே!”

அதே 50-ல் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால்? அதே நாயை நிறுத்திப் பிடிக்கச் சராசரியாக 400 கிலோ விசை தேவைப்படும். அதாவது எட்டு சிமெண்ட் மூட்டை. இது சராசரிதான், உச்சக்கட்டத்தில் இன்னும் கூடும். நான்கு கிலோ பொமரேனியனாக இருந்தாலும் ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல் வரும். எந்த மனிதக் கையும் இதைப் பிடிக்காது. அம்மாவின் பாசத்தில் குறை எதுவும் இல்லை, கையின் பலத்துக்கு எல்லை அவ்வளவுதான். குழந்தையை மடியில் வைத்துப் போகக் கூடாது என்று சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் கட்டாத நாய் எதிரில் இருப்பதில் போய் மோதுவது, சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. உங்கள் பயணத்தில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை, அங்கே 80-க்குக் கீழே யாரும் போவதில்லை.

பின்சீட்டு நாய் முன்னால் பறக்கும்போது எதில் மோதும்? முன்சீட்டின் முதுகில், அல்லது இரண்டு சீட்டுக்கும் நடுவே புகுந்து கண்ணாடியில், அல்லது ஓட்டுபவரின் பின்தலையில். நாயைக் கட்டுவது நாய்க்காக மட்டும் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றாவதை யோசிப்பதில்லை. 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே, பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்துக்குப் பிறகுதான் பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு என்பதே நம்மில் பலருக்கு உறைத்தது. பின்சீட்டில் கட்டாமல் இருக்கும் எந்த உடம்புக்கும், மனிதனோ நாயோ, அதே விதிதான். அதனால் சீசருக்கு என்ன வாங்கினாலும் சரி, பின்சீட்டில் அவனோடு உட்காரும் அம்மா முதலில் தன் பெல்ட்டைப் போடட்டும்.

இப்போது கழுத்துப்பட்டை. இதில் என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது, சொல்ல இன்னமும் வருத்தமாக இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், விக்கிரவாண்டி தாண்டி, 70 வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். சென்டர் மீடியன் இடைவெளியில் ஆட்டுமந்தை திடீரென்று குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன், எதிலும் இடிக்கவில்லை. பின்னால் கருப்பி, பதினெட்டு கிலோ நாட்டு நாய். கழுத்துப்பட்டையில் பெல்ட் மாட்டியிருந்தேன். அவள் சீட்டிலிருந்து நழுவி, கால் தரையில் பாவாமல், கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். இறக்கிவிட்ட பிறகும் இருமல் நிற்கவில்லை. மூச்சுக்குழலைச் சுற்றி அடிபட்டு வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். தேறிவிட்டாள். ஆனால் அது வெறும் பிரேக். பகலெல்லாம் பெல்ட்டை இழுத்துச் சோதிக்கிற ஒருவனே வீட்டு நாய்க்கு அப்படி மாட்டியிருந்தேன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 400 கிலோ விசை கழுத்தைச் சுற்றிய ஒன்றரை அங்குலப் பட்டையில் இறங்கினால் கழுத்தெலும்பு தாங்காது. கழுத்துப்பட்டையில் மாட்டுவதற்கு, கட்டாமலேயே விடுவது மேல் என்று சொல்லும் அளவுக்கு நான் போவேன்.

அதனால் ஹார்னஸ் வேண்டும், அதாவது மார்பையும் தோளையும் சுற்றி வரும் உடுப்பு. இங்கேதான் பணம் வீணாவது அதிகம். கடையில் ‘ஹார்னஸ்’ என்று கேட்டால் நடைக்குப் போடுவதைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள். நாய் இழுக்காமல் இருக்க மார்பின் முன்னால் வளையம் வைத்தது, மெல்லிய பட்டைகளால் ஆனது, பக்கவாட்டில் ‘டக்’ என்று மூடும் பிளாஸ்டிக் பக்கிள் வைத்தது. நடைக்கு அது அருமையான பொருள். காரில் மோதலின் விசை முழுவதும் அந்த பிளாஸ்டிக் பக்கிள் வழியாகத்தான் போகும், அது உடைந்துவிடும். காருக்கு வாங்கும் ஹார்னஸைக் கையில் எடுத்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாயின் மார்பில் தொடங்கி காரின் பெல்ட் வரைக்கும் விசை போகிற பாதையில் பிளாஸ்டிக் எங்காவது குறுக்கிடுகிறதா? குறுக்கிட்டால் வைத்துவிடுங்கள்.

மார்பில் படும் பகுதி அகலமாக, மெத்தையாக இருக்க வேண்டும். உள்ளங்கை அகலமாவது இருந்தால் விசை மார்பெலும்பில் பரவும். பட்டை கழுத்துக்கு ஏறிவரக் கூடாது, அக்குளை அறுக்கவும் கூடாது. போட்டுவிட்டு இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள், நான்கு விரல் நுழைந்தால் தளர்வு. லாப்ரடாருக்கு அளவு எளிதாகக் கிடைத்துவிடும். கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம் ஊர் வேட்டை நாய்கள் வைத்திருப்பவர்கள் கேட்டால் வேறு பதில் சொல்வேன். ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய இடுப்பு, கழுத்தைவிடப் பெரிதாக அகலாத தலை. பின்னால் ஒரு எட்டு நகர்ந்தால் சாதாரண ஹார்னஸ் சட்டை கழல்வதுபோல் கழன்றுவிடும். அவற்றுக்கு விலாவுக்குப் பின்னால் இன்னொரு பட்டை வைத்ததுதான் சரி.

தையலையும் பாருங்கள். வளையம் இருக்கும் இடத்தில் ஒற்றை வரித் தையல் இருந்தால் வேண்டாம். பெட்டி போட்டு நடுவில் பெருக்கல் குறி, அல்லது நெருக்கமான குறுக்குத் தையல் வரிசைகள் இருக்க வேண்டும். வளையம் வெறுமனே வளைத்துவிட்ட கம்பியா, வாய் பற்றவைத்து மூடியதா என்று நகத்தால் தடவினாலே தெரியும்.

கொக்கிக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலும் முதலில் போவது இதுதான். உங்கள் காரின் சீட் பெல்ட் நாடா குறைந்தது சுமார் 1,500 கிலோ விசை தாங்கினால்தான் ஐ.நா. விதி எண் 16 அதை ஏற்கும். அதாவது காரில் ஏற்கெனவே இருக்கும் பெல்ட் மிக வலுவானது. 349 ரூபாய் பெல்ட்டின் நாடாவும் பார்க்க அதேபோல்தான் இருக்கும், சில நேரம் நாடா நன்றாகவே தாங்கவும் செய்யும். அதன் நுனியில் இருக்கும் பளபளப்பான சுழல் கொக்கி பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்தது. மேலே பூச்சு, உள்ளே சாம்பல் நிறத்தில் பிஸ்கட் போல உடையும் உலோகம். வளைந்து எச்சரிக்காது, ஒடிந்துவிடும். வீட்டில் ஒரு காந்தம் எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் சந்தேகப்படுங்கள் (சில வகை எஃகிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் இந்த விலையில் அந்த எஃகு கிடைப்பது அபூர்வம்). மலையேறுபவர்களும் உயரத்தில் வேலை செய்பவர்களும் பயன்படுத்தும் காரபைனர் கொக்கியில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்று பொறித்தே இருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ விசை. 20-க்கு மேல் பொறித்த ஒன்றை பாரிமுனைப் பக்கம் தொழிற்பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் வாங்கலாம். பூட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாவிக்கொத்துக்குத் தொங்கவிடும் வண்ணக் கொக்கி வேறு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

மறுமுனையில் பக்கிளில் செருகும் நாக்கு. இதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. காருக்கு கார் பக்கிளின் அளவு கொஞ்சம் மாறும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று செய்த நாக்கு, மாட்டிய சத்தம் கேட்டாலும் முழுதாக அமராமல் இருக்கலாம். இழுத்துப் பாருங்கள். அப்புறம், சிவப்பு பட்டனை நாய் காலால் மிதித்துக் கழற்றிவிடுவது அடிக்கடி நடப்பது. இதைவிட நல்ல வழி, காரின் சொந்த பெல்ட்டையே ஹார்னஸின் முதுகுப்புறப் பட்டைக்குள் நுழைத்து வெளியே எடுத்து, வழக்கம்போல் அதன் பக்கிளில் மாட்டுவது. அப்போது விசை போகும் பாதையில் ஆன்லைன் கொக்கியும் இல்லை, ஆன்லைன் நாக்கும் இல்லை. ஹார்னஸ் மட்டும் நன்றாக இருந்தால் போதும். இப்படி நுழைக்க முதுகில் அகலமான பட்டை வைத்துத் தைத்த ஹார்னஸாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் மிகப் பயனுள்ள பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

நீளம். நாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று பெல்ட்டை நீளமாக விடுகிறோம், ஜன்னலுக்கும் போய்வரட்டும் என்று. மோதலில் இந்தத் தளர்வுதான் ஆளைக் கொல்வது. கார் நொறுங்கிக்கொண்டே நிற்கும் அந்தக் கணநேரத்தில், இறுக்கமாகக் கட்டிய உடம்பு காரோடு சேர்ந்து வேகம் குறைகிறது. தளர்வாகக் கட்டிய உடம்பு பழைய வேகத்திலேயே முன்னால் போகிறது. பெல்ட் இழுபட்டு நிமிரும்போது கார் ஏறக்குறைய நின்றேவிட்டிருக்கும். மிச்சமிருக்கும் வேகம் முழுவதும் ஒரே வெட்டில் நிற்க வேண்டும், விசை பல மடங்காகிறது. அதோடு, நம் ஊர்ச் சின்னக் கார்களில் பின்சீட்டு முதுகுக்கும் முன்சீட்டுக்கும் இடைவெளி குறைவு. அரை மீட்டர் நீளமாக விட்டால் பெல்ட் வேலை செய்யத் தொடங்குமுன்பே நாயின் தலை முன்சீட்டில் இடித்துவிடும். ‘அதிர்ச்சி தாங்கும்’ என்று எலாஸ்டிக் வைத்து விற்பது இன்னும் மோசம், நீண்டுகொடுத்து அதே இடத்துக்குத்தான் கொண்டுபோய்விடும். சீசர் உட்காரவும் படுக்கவும் முடிகிற அளவு நீளம் போதும். சீட்டில் நடமாட முடியக் கூடாது. முதல் அரைமணி நேரம் முனகுவான், பிறகு படுத்துவிடுவான்.

சீட் முதுகின் ஹெட்ரெஸ்ட்டில் வளையமாக மாட்டும் வகையையும் தவிர்த்துவிடுங்கள். ஹெட்ரெஸ்ட் தலையைத் தாங்க வைத்தது, ஒரு உடம்பை இழுத்துப் பிடிக்க வைத்ததல்ல.

இதையெல்லாம் யாராவது முறையாகச் சோதித்திருக்கிறார்களா என்றால், ஆமாம், அமெரிக்காவில். லிண்ட்ஸி வோல்கோ என்ற பெண்மணி தன் காக்கர் ஸ்பானியல் மேகியை ஹார்னஸ் போட்டுத்தான் காரில் கூட்டிப் போனார். சடன் பிரேக்கில், காப்பாற்ற வேண்டிய ஹார்னஸே மேகிக்குக் காயத்தை உண்டாக்கியது. அதற்குப் பிறகு 2011-ல் அவர் ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் சோதனையில் நான்கு ஹார்னஸ்களை எடுத்துப் பார்த்தார்கள், நான்குமே தோற்றன. 2013-ல் சுபாரு நிறுவனத்தின் உதவியோடு பெரிய அளவில் செய்தார்கள். குழந்தை இருக்கைகளுக்கான அமெரிக்க விதி 213-ஐ ஒட்டி, மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர் வேகத்தில். பொம்மை நாய்கள் மூன்று அளவு: 25, 45, 75 பவுண்டு. சீசர் இதில் நடுவுக்கும் பெரியதற்கும் இடையில் வருவான். இந்த முறை எடுத்தவை எல்லாமே ‘நாங்கள் சோதித்திருக்கிறோம்’ என்று விளம்பரம் செய்த கம்பெனிகளின் பொருள்கள். கொக்கி உடைந்தது, தையல் கிழிந்தது, பொம்மை பறந்தது, பட்டை கழுத்தை நெரித்தது என்று பலவும் நடந்தன. நாயையும் காப்பாற்றி முன்னால் இருப்பவரையும் காப்பாற்றும் நிலைக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான், ஸ்லீப்பிபாட் கம்பெனியின் கிளிக்கிட் யுட்டிலிட்டி. அதன் அமைப்பைக் கவனித்தால் நான் மேலே சொன்னது புரியும். அகலமான மார்புச் சட்டை, காரின் சொந்த பெல்ட்டே அதன் வழியாக நுழைகிறது, மூன்று இடத்தில் பிடிமானம், தளர்வு மிகக் குறைவு.

அந்தச் சோதனைக்குப் பிறகு அந்த அமைப்பு சான்றிதழும் கொடுக்கத் தொடங்கியது. நம் ஊர்க் கடையில் அந்தச் சான்று பெற்ற பொருளை நான் கண்ணால் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் யாராவது இருந்தால் சொல்லி வாங்கிவரச் சொல்லுங்கள், சீசரின் மார்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். ‘கிராஷ் டெஸ்டட்’ என்று அட்டையில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நாய்க்கான கார் பெல்ட்டுக்கு அமெரிக்காவிலேயே அரசு நிர்ணயித்த தரம் எதுவும் இல்லை, நம்மிடமும் இல்லை. யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். எந்த வேகத்தில், எத்தனை கிலோ பொம்மையோடு, எங்கே சோதித்தது என்று கேளுங்கள். வீடியோ இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையிலேயே சோதித்தவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள்.

கூண்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எஸ்யூவி வைத்திருப்பதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். நல்ல கூண்டு ஹார்னஸைவிட மேல் என்பது என் கருத்து. ‘நல்ல’ என்ற சொல்தான் முக்கியம். வீட்டில் மடித்து வைக்கும் கம்பிக் கூண்டு மோதலில் பிரிந்து கம்பிகள் ஈட்டியாகும், அதைக் காருக்குள் கொண்டுவராதீர்கள். கூண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், டிக்கியில் சும்மா வைத்தால் கூண்டே பறக்கும். பின்சீட்டின் முதுகோடு ஒட்டிக் குறுக்கே வைத்து, டிக்கித் தரையில் இருக்கும் வளையங்களில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்க வேண்டும். பின்னால் ஒரு லாரி வந்து இடித்தால் டிக்கிதான் முதலில் நொறுங்கும், அப்போது சுருங்கிக்கொடுக்காத கூண்டு முன்னால் தள்ளி பின்சீட்டில் இருப்பவர்களை நசுக்கும் ஆபத்தும் உண்டு. ஸ்வீடனில் எம்ஐஎம் கம்பெனி செய்யும் வேரியோகேஜ் என்ற கூண்டு, ஒன்றுக்குள் ஒன்று சொருகும் குழாய்களால் ஆனது. பின்னால் இடி விழுந்தால் தானே சுருங்கிக்கொடுக்கும். டிக்கிக் கதவு திறக்காமல் போனால் நாயை வெளியே எடுக்க பின்சீட்டுப் பக்கம் ஒரு அவசர வாசலும் உண்டு. இப்படி யோசித்துச் செய்த பொருளைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோகிறது. விலைதான் எட்டாது.

சின்ன நாய் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி. அவர்களுக்கு எல்லாமே எளிது. கெட்டியான பெட்டி ஒன்றில் விட்டு, முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் தரையில் வைத்து, முன்சீட்டைப் பின்னால் தள்ளிப் பெட்டி அசையாதபடி இறுக்கிவிட்டால் போதும். ஜெர்மனியின் ஏடிஏசி என்ற பெரிய வாகன ஓட்டிகள் சங்கம் சின்னப் பெட்டிகளுக்குச் சொல்வதும் இந்த இடத்தைத்தான். பெட்டியை சீட்டில் வைத்து மேலே பெல்ட்டைச் சுற்றுவது பத்திரம்போல் தெரியும். ஆனால் மென்மையான பையாக இருந்தால் மோதலில் அந்த பெல்ட்டே பையை நசுக்கும். தயாரித்தவர் அப்படிக் கட்டச் சொல்லிச் சோதித்திருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முன்சீட் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும், வளர்ந்த மனிதனின் மார்பு உயரத்தைக் கணக்கிட்டு வைத்தது. அந்த இடத்தில் நாயின் முகம் இருக்கும். ஓட்டுபவர் மடியில் வைத்து ஓட்டுபவர்களையும் நம் சாலைகளில் நிறையப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியச் சாலை விதிகளில் அது குற்றம். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 57-வது விதி, ஓட்டுபவரின் கவனம் சிதறாமலும் சட்டென்று நிறுத்தினால் காயம் படாமலும் நாயைக் கட்டி வைக்கச் சொல்கிறது. ஜெர்மனியில் காரில் வரும் நாய் சட்டப்படி ‘சரக்கு’. கேட்க ஒருமாதிரி இருந்தாலும் பலன் நல்லது: சரக்கைக் கட்டாமல் போனால் அபராதம் என்பதால் நாயையும் கட்டியே ஆக வேண்டும். நம் நாட்டில் காரில் நாய்க்கு பெல்ட் போடச் சொல்லும் தனி விதி கிடையாது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையில்லாத வலியோ துன்பமோ தரும் விதத்தில் விலங்கை வண்டியில் ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் போலீஸ் பிடிப்பாரா என்று யோசித்து முடிவெடுக்க இதில் எதுவும் இல்லை.

சரி, சீசருக்கு நான் என்ன செய்வேன்? பின்சீட்டில், இடப்பக்கம், முன்பயணி சீட்டுக்குப் பின்னால் உட்காரவைப்பேன். சாலையோரம் நிறுத்தும்போது அந்தக் கதவுதான் பாதுகாப்பான பக்கம் திறக்கும். நடு சீட்டில் வைத்தால் முன்னால் தடுக்க எதுவும் இல்லை. பழைய கார்களில் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும், அதனாலும் வேண்டாம். அகல மார்பு ஹார்னஸ் போட்டு, காரின் பெல்ட்டையே நுழைத்து மாட்டுவேன். சீட்டிலிருந்து கால் நழுவாமல் இருக்க, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் இடையே தொட்டில்போல் மாட்டும் ஹேமாக் விரிப்பு போடுவேன். அது வசதிக்குத்தான், அதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே வாங்கிய பெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். நல்ல ஹார்னஸ் கிடைக்கும் வரை, இருக்கிற ஹார்னஸில், குட்டையாக மாட்டிப் பயன்படுத்துங்கள். அவிழ்த்துவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஓட்டுபவரின் கவனம் சிதறாமல் இருப்பதே பல விபத்துகளை வராமல் தடுக்கும். ஆனால் ‘கட்டியாச்சு’ என்ற தைரியத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, போதுமான நேரம். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே ஹார்னஸைப் போட்டுவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் போட்டால் அதை நல்லதோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வான். அடுத்து நின்றிருக்கும் காரில் பத்து நிமிடம், அப்புறம் காரிலேயே தெருவை ஒரு சுற்று. பயணத்தன்று கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை கேளுங்கள், நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், சாப்பிடப் போகும்போது காருக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். ஜனவரி வெயில்தானே என்று நினைக்க வேண்டாம், மூடிய கார் பத்து நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் சூடேறும். ஒருவர் சாப்பிட, ஒருவர் அவனோடு இருக்கட்டும்.

ஒன்று விட்டுப்போனது. நான் அறிந்தவரை, பயணத்தில் நாயைப் பறிகொடுத்தவர்களில் மோதலில் இழந்தவர்களைவிட டீக்கடை நிறுத்தத்தில் இழந்தவர்கள் அதிகம். கதவைத் திறந்ததும் பழக்கமில்லாத சத்தம், ஒரு தாவல், நெடுஞ்சாலை. அதனால் வரிசை இதுதான்: உள்ளே இருக்கும்போதே நடைக் கயிற்றை ஹார்னஸில் மாட்டி, கையில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் கார் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கதவு அதற்கு அப்புறம். கழுத்துப்பட்டைக்கு இங்கே ஒரு வேலை உண்டு, உங்கள் போன் எண் பொறித்த தகடு அதில் தொங்கட்டும். விபத்தே நடந்தாலும், கட்டியிருக்கும் நாய் சாலையில் ஓடாது, பயத்தில் உதவிக்கு வருபவரைக் கடித்து உங்களை வெளியே எடுப்பதைத் தாமதப்படுத்தாது.

ஹார்னஸ் வந்ததும் மார்புப் பகுதி, முதுகுப் பட்டை, வளையத் தையல் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சீசரின் மார்புச் சுற்றளவையும் சேர்த்து எழுதுங்கள், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நிற்கும்போது அளந்தது.